தட்டை நிறுத்துவது யார்?



இன்றைய சொற்பொழிவின் பொருள் வன்தட்டு. பேச்சு வழக்கில் ஹார்ட் டிஸ்க். அதில் எவ்வளவு சேமிக்கலாம், எவ்வளவு வேகமாகப் படிக்கலாம் என்பவை பலமுறை பேசப்பட்டவை. இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது வேறு கேள்வி. சுழன்றுகொண்டிருக்கும் அந்தத் தட்டை எப்போது நிறுத்துவது, எப்படி நிறுத்துவது, மறுபடி எப்படி எழுப்புவது? அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இயங்குதளத்துக்குள் இருக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருள் இந்தக் கேள்விகளுக்கு நாள்தோறும் விடை சொல்லிக்கொண்டிருக்கிறது. அது தவறாகச் சொன்னால் தரவு போகும். அல்லது தட்டே போகும்.

கணினியின் பிற உறுப்புகள் பெரும்பாலானவற்றில் மின்சாரம் மட்டுமே ஓடுகிறது. வன்தட்டில் பொருளே ஓடுகிறது. மேசைக் கணினியின் வழக்கமான வன்தட்டில் உள்ள தகடு நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 120 சுற்று. மூன்றரை அங்குல வகையில் தகட்டின் வெளி விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அதன்மேல், சில நானோமீட்டர் இடைவெளியில், காற்றுப் படலத்தில் மிதந்தபடி, தரவைப் படிக்கவும் எழுதவும் செய்யும் ஹெட் நிற்கிறது. காற்றைத் தருவது தகட்டின் சுழற்சி. சுழற்சி நின்றால் காற்று இல்லை. காற்று இல்லையென்றால் ஹெட் மிதக்க முடியாது. எனவே தகடு நிற்பதற்கு முன்னால் ஹெட் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த ஒரு இயற்பியல் உண்மையிலிருந்துதான் டிரைவரின் கவலைகள் எல்லாம் பிறக்கின்றன.

மின்செலவு எங்கே போகிறது? பெரும்பங்கு அந்த மோட்டாருக்கு. மூன்றரை அங்குல வன்தட்டு ஒன்று படிக்காமல், எழுதாமல், சும்மா சுழன்றுகொண்டிருந்தாலே ஐந்து வாட் அளவில் வாங்கிக்கொள்கிறது. சுழற்சியை நிறுத்தினால் அது ஒரு வாட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மடிக்கணினிக்கான இரண்டரை அங்குல வகையில் இந்த எண்கள் இன்னும் சிறியவை. ஆனால் பேட்டரியில் ஓடும் கருவியில் அரை வாட்டுக்கும் மதிப்பு உண்டு.

கணினியும் வன்தட்டும் பேசிக்கொள்ளும் முறையை வகுக்கும் ஏடிஏ தரநிலை நான்கு மின்நிலைகளை வகுத்திருக்கிறது. முதலாவது ஆக்டிவ்: தட்டு வேலை செய்துகொண்டிருக்கிறது. இரண்டாவது ஐடில்: தகடு சுழல்கிறது, சில மின்சுற்றுகள் ஓய்வில் இருக்கின்றன, கட்டளை வந்தால் உடனே வேலை தொடங்கும். மூன்றாவது ஸ்டாண்ட்பை: மோட்டார் நின்றுவிட்டது, ஆனால் கட்டளையைக் கேட்கும் காது திறந்திருக்கிறது. நான்காவது ஸ்லீப்: காதும் மூடிவிட்டது. ஸ்லீப் நிலையில் உள்ள தட்டுக்குச் சாதாரணக் கட்டளை எதை அனுப்பினாலும் பயனில்லை; ரீசெட் செய்தால்தான் விழிக்கும். பின்னாளில் வந்த விரிவாக்கம் ஒன்று ஐடிலை மூன்றாகவும் ஸ்டாண்ட்பையை இரண்டாகவும் பிரித்தது. ஹெட்டை மட்டும் ஒதுக்கி நிறுத்துவது ஒரு படி, சுழல் வேகத்தைக் குறைத்துக்கொள்வது இன்னொரு படி. அவற்றின் விவரம் இங்கே தேவையில்லை.

இப்போது கேள்விக்கு வரலாம். தட்டை நிறுத்தும் முடிவை எடுப்பது யார்?

முதல் போட்டியாளர் தட்டேதான். அதன் உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. ஸ்டாண்ட்பை கட்டளையோடு ஒரு எண்ணைக் கொடுத்தால், அவ்வளவு நேரம் யாரும் கூப்பிடவில்லையென்றால் தானே நின்றுவிடும். அந்த எண்ணின் கணக்கு சற்று விசித்திரமானது. 1 முதல் 240 வரை கொடுத்தால் ஒவ்வொன்றும் 5 விநாடி. ஆக 240 என்றால் 20 நிமிடம். 241 முதல் 251 வரை கொடுத்தால் திடீரென்று ஒவ்வொன்றும் அரை மணி நேரம். ஆக 251 என்றால் ஐந்தரை மணி நேரம். 240-ஐ 241 ஆக்கினால் 5 விநாடி கூடும் என்று நினைத்தவருக்குப் பத்து நிமிடம் கூடியிருக்கும். இதற்கு மேல் 1 முதல் 254 வரை இன்னொரு அளவுகோலும் உண்டு: குறைந்த எண் மின்சிக்கனம், கூடிய எண் வேகம். அதில் 127 வரை கொடுத்தால் தட்டு தானே சுழற்சியை நிறுத்திக்கொள்ளலாம் என்று பொருள். 128-லிருந்து அந்த உரிமை கிடையாது.

இரண்டாவது போட்டியாளர் இயங்குதளம். கணினி முழுவதும் உறங்கப் போகிறது, அல்லது அணையப் போகிறது, அல்லது இந்தத் தட்டை வெகுநேரமாக யாரும் தொடவில்லை என்பதை அறிந்தது அது. மூன்றாவது போட்டியாளர் பயனர் ஓட்டும் நிரல்கள். லினக்ஸில் எச்டிபார்ம் என்ற சிறு கருவியைக் கொண்டு யாரும், நிர்வாகி உரிமை இருந்தால், தட்டை நேரடியாக நிற்கச் சொல்லலாம்.

மூன்று கைகள், ஒரே தட்டு. வன்தட்டின் மின்நிலை வரலாற்றில் நடந்த பெரிய கோளாறுகளைப் பிரித்துப் பார்த்தால், ஒரு கை செய்ததை இன்னொரு கை அறியாதிருந்ததுதான் அவற்றில் பலவற்றுக்கு வேர்.

எப்போது நிறுத்துவது என்பதை முதலில் பார்க்கலாம். சும்மா இருக்கும் தட்டை உடனே நிறுத்திவிட்டால் என்ன? நின்ற தட்டை மீண்டும் சுழல வைக்கச் செலவு உண்டு. சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டியின் என்ஜினை அணைக்கலாமா வேண்டாமா என்ற கணக்கேதான் இது. ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். சும்மா சுழலும்போது 5 வாட், நிற்கும்போது 1 வாட். நிறுத்தினால் விநாடிக்கு 4 ஜூல் மிச்சம். மீண்டும் முழு வேகம் பிடிக்க 10 விநாடி, அந்த நேரத்தில் சராசரி 20 வாட். மொத்தம் 200 ஜூல். நிறுத்தாமலே விட்டிருந்தாலும் அந்த 10 விநாடியில் 50 ஜூல் போயிருக்கும். ஆக எழுப்புவதற்கான உபரிச் செலவு 150 ஜூல். 150-ஐ 4-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 38 விநாடி. நிறுத்தியது 38 விநாடிக்கு மேல் நீடித்தால் ஆதாயம். அதற்குள் யாராவது கூப்பிட்டுவிட்டால் நட்டம்.

ஆனால் அடுத்த கூப்பாடு எப்போது வரும் என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. இங்கே கணிதம் ஓர் அழகான உறுதியைத் தருகிறது. அந்த 38 விநாடியையே காத்திருப்பு நேரமாக வைத்துக்கொண்டால் போதும். 38 விநாடிக்குள் கூப்பாடு வந்தால் நட்டமே இல்லை. எதிர்காலம் தெரிந்தவரும் நிறுத்தியிருக்கமாட்டார். அதற்குப் பிறகு வந்தால், காத்திருந்ததற்கு ஒரு பங்கு, எழுப்பியதற்கு ஒரு பங்கு. எதிர்காலம் தெரிந்தவர் செலவழித்திருக்கக்கூடியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகாது. எதிர்காலத்தைப் பற்றி எதுவுமே அறியாத ஒரு நிரல், எதிர்காலத்தை முழுக்க அறிந்த ஒருவரைவிட ஒருபோதும் இரு மடங்குக்கு மேல் தோற்காது. இவ்வளவு எளிய விதிக்கு இவ்வளவு வலுவான உறுதி கிடைப்பது அரிது.

1994ஆம் ஆண்டின் யூசெனிக்ஸ் குளிர்கால மாநாட்டில் இதே பொருளில் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. ஒன்று ஃபிரெட் டக்ளஸ், கிருஷ்ணன், பிரையன் மார்ஷ் ஆகியோருடையது. மற்றொன்று கெஸ்டர் லீயும் உடனாளர்களும் செய்தது. அன்றைய மடிக்கணினிப் பயன்பாட்டுப் பதிவுகளை வைத்து அவர்கள் கண்டது: அக்காலத்தில் வழக்கமாகப் பரிந்துரைக்கப்பட்ட சில நிமிடக் காத்திருப்பு மிக நீளமானது, விநாடிக் கணக்கில் குறைத்தால் மின்சாரம் வெகுவாக மிச்சமாகும். மின்சாரக் கணக்கில் அது சரி. ஆனால் கணக்கில் இன்னொரு பத்தி இருக்கிறது: தேய்மானம். அதைப் பற்றிப் பிறகு.

எப்போது என்பதைவிட முக்கியமானது எப்படி என்பது. இங்கே டிரைவர் ஒரு வரிசையைக் காக்க வேண்டும். முதலில் புதிய வேலைகள் தட்டுக்குப் போகாமல் வாயிலை அடைக்க வேண்டும். அடுத்து, ஏற்கெனவே போன வேலைகள் முடியும்வரை பொறுக்க வேண்டும். அடுத்து, தட்டின் கேஷ் நினைவகத்தில் தங்கியிருப்பதையெல்லாம் தகட்டில் எழுதி முடிக்கச் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் நிற்கச் சொல்ல வேண்டும். நின்றபிறகுதான் மின்சாரத்தை எடுக்க வேண்டும்.

கேஷில் இருப்பதை எழுதி முடிக்கச் சொல்லும் படி ஏன் அவ்வளவு முக்கியம்? தட்டு வேகமாகத் தோன்றுவதற்காக ஒரு நடைமுறை வைத்திருக்கிறது. எழுதச் சொன்னதைத் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, தகட்டில் எழுதுவதற்கு முன்பே 'எழுதியாயிற்று' என்று பதில் சொல்லிவிடுகிறது. இயங்குதளம் அதை நம்பிக் கோப்பு பத்திரம் என்று முடிவு செய்கிறது. அந்த நேரத்தில் மின்சாரம் போனால், பத்திரம் என்று சொல்லப்பட்ட கோப்பு எங்கும் இல்லை. ஏடிஏவில் ஃபிளஷ் கேஷ் என்றும், ஸ்கஸி என்ற இன்னொரு தரநிலையில் சிங்க்ரனைஸ் கேஷ் என்றும் பெயர் பெற்ற கட்டளை இதற்காகவே இருக்கிறது. அது 'உண்மையிலேயே எழுதி முடித்தபிறகு மட்டும் பதில் சொல்' என்கிறது.

நிற்கச் சொல்லும் படி ஏன் முக்கியம்? எழுதி முடித்தபின் மின்சாரத்தை நேரே துண்டித்தால் தரவு போகாதே என்று கேட்கலாம். தரவு போகாது. ஆனால் ஹெட்? திடீரென மின்சாரம் போகும்போது ஹெட்டை ஒதுக்குவதற்கு மின்சாரம் வேண்டுமே. வன்தட்டை வடிவமைத்தவர்கள் இதற்கு வியக்கத்தக்க வழி ஒன்றைக் கண்டார்கள். சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார், மின்சாரம் நின்ற கணத்தில் ஜெனரேட்டராக மாறுகிறது. தகட்டின் எஞ்சிய சுழற்சி ஆற்றலே மின்னாகி, ஹெட்டை விளிம்புக்கு இழுத்துக் கொண்டுபோய் வைக்கிறது. அருமையான ஏற்பாடு, ஆனால் அவசர ஏற்பாடு. கட்டளை கொடுத்து நிறுத்தும்போது ஹெட் மெதுவாக, அளவாக ஒதுங்குகிறது. அவசர வழியில் அது முரட்டுத்தனமாக இழுக்கப்படுகிறது. தட்டு தன் உடல்நலக் குறிப்பேட்டில் இவ்விரண்டையும் தனித்தனியாக எண்ணி வைக்கிறது: 193ஆம் எண் ஹெட் ஒதுங்கிய மொத்த முறைகள், 192ஆம் எண் மின்சாரம் திடீரென்று போனதால் ஒதுங்கியவை. ஒழுங்காக அணைக்கப்படும் கணினியில் 192ஆம் எண் ஏறவே கூடாது. அது ஒவ்வொரு இரவும் ஒன்று ஏறினால், எங்கோ ஒரு டிரைவர் வரிசையைத் தவறவிடுகிறது.

அப்படித் தவறவிட்டதுண்டா? உண்டு. லினக்ஸ் உலகில் 2007ஆம் ஆண்டில் நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு பிழையைத் திருத்தப் போய், அந்தத் திருத்தமே எப்படிப் பிழையாயிற்று என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

ஏடிஏவின் பிந்தைய வடிவமான சாட்டா தட்டுகளை லினக்ஸில் கவனிப்பது லிப்ஏட்டா என்ற பகுதி. கணினியை அணைக்கும்போது தட்டை நிறுத்தும் வேலையை அது தொடக்கத்தில் செய்யவில்லை. எழுதி முடிக்கச் சொல்லும், நிற்கச் சொல்லாது. குறையைக் கண்ட சில லினக்ஸ் வெளியீட்டாளர்கள் தாங்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். கணினியை அணைக்கும் ஷட்டவுன் நிரலே கடைசியில் எல்லாத் தட்டுகளுக்கும் ஸ்டாண்ட்பை கட்டளையை அனுப்பிவிடும். பிறகு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் வல்லுநரான டேஜூன் ஹியோ அந்தக் குறையை அதற்குரிய இடத்திலேயே சரிசெய்தார். 2007 ஜூலையில் வெளிவந்த 2.6.22 கெர்னலில், அணைக்கும்போதும் உறங்கும்போதும் தட்டை முறையாக நிறுத்தும் பொறுப்பு எஸ்டி என்ற ஸ்கஸி வன்தட்டு டிரைவருக்கு வந்தது. லிப்ஏட்டா அதன் அடியில் அமர்ந்து, ஸ்கஸி கட்டளையை ஏடிஏ கட்டளையாக மாற்றித் தந்தது.

இப்போது என்ன நடந்திருக்கும்? ஷட்டவுன் நிரல் தட்டை நிறுத்துகிறது. அதை அறியாத கெர்னல், தன் முறைப்படி, நின்றுவிட்ட தட்டை மீண்டும் நிற்கச் சொல்கிறது. நின்ற தட்டு அதைக் கேட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் சில தட்டுகள் அந்த இரண்டாவது கட்டளையைக் கேட்டு விழித்து, சுழலத் தொடங்கி, மறுபடி நின்றன. வேறு சில தட்டுகள் இன்னும் மோசம். கேஷில் எழுத எதுவுமே இல்லாதபோதும், எழுதி முடிக்கச் சொன்னவுடன் சுழலத் தொடங்கின. அந்த நொடியிலேயே கணினி மின்சாரத்தைத் துண்டித்தது. நிறுத்துவதற்காக எடுத்த முயற்சியே, சுழலும் தட்டின் மின்சாரத்தைப் பிடுங்குவதில் முடிந்தது.

எழுதி முடிக்கச் சொல்லும் கட்டளையை விட்டுவிடலாமே? கூடாது. கேஷில் ஏதாவது இருந்துவிட்டால் தரவு போகும். தட்டின் ஆயுளா, தரவா என்று வரும்போது டிரைவர் தரவின் பக்கம்தான் நிற்க வேண்டும். அன்று எடுக்கப்பட்ட முடிவும் அதுதான். தற்காலிகமாக ஓர் இணக்க ஏற்பாடு வைக்கப்பட்டது. பிறகு, வெளி நிரல் எதுவும் ஸ்டாண்ட்பை கட்டளை அனுப்பினால் லிப்ஏட்டா அதைக் குறித்து வைத்துக்கொண்டு, ஷட்டவுன் நிரலைப் புதுப்பிக்குமாறு திரையில் எச்சரித்தது. பல மாதங்கள் பலருடைய கணினிகளில் அணையும் வேளையில் அந்த எச்சரிக்கை ஒளிர்ந்தது. முழுத் தீர்வு ஒன்றுதான்: நிறுத்தும் வேலையை ஷட்டவுன் நிரல்கள் கைவிட்டு, கெர்னலிடம் விட்டுவிடுவது.

நிறுத்துவது இவ்வளவு என்றால், எழுப்புவது எளிதா? அதுவும் இல்லை.

நின்ற தட்டு வேகம் பிடிக்க விநாடிகள் ஆகும். பெரிய தட்டுகளுக்கு 10 விநாடியைத் தாண்டும். கணினிக் காலத்தில் அது யுகம். சாதாரணமாக மில்லிவிநாடியில் பதில் வர வேண்டிய கட்டளை இவ்வளவு நேரம் தாமதித்தால், தட்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டும் அவசரக்கார டிரைவர், ரீசெட் செய்யத் தொடங்கிவிடும். ரீசெட் செய்தால் எழுந்துகொண்டிருந்த தட்டு மேலும் தாமதிக்கும். எனவே டிரைவர் பொறுமை அறிந்திருக்க வேண்டும். ஸ்கஸி முறையில் இதற்கு நாகரிகமான ஏற்பாடு உண்டு: தட்டு 'தயாராகிக்கொண்டிருக்கிறேன்' என்றும், 'எழுப்பும் கட்டளை வேண்டும்' என்றும் வேறுபடுத்திப் பதில் சொல்கிறது. முதல் பதிலுக்கு டிரைவர் காத்திருக்க வேண்டும். இரண்டாவதற்குக் கட்டளை அனுப்ப வேண்டும். ஏடிஏவில் 'எழுந்திரு' என்று தனிக் கட்டளையே கிடையாது. லிப்ஏட்டா அதற்குப் பதிலாக, தட்டின் ஒரு பகுதியைச் சரிபார்க்கும் கட்டளையை அனுப்புகிறது. சரிபார்க்க வேண்டுமென்றால் தகட்டைத் தொட வேண்டும். தகட்டைத் தொட வேண்டுமென்றால் சுழன்றாக வேண்டும்.

மின்சாரமே துண்டிக்கப்பட்டு மீண்டும் வந்தால் இன்னொரு வேலையும் சேர்கிறது. தட்டு தன் அமைப்புகளை மறந்திருக்கும். தரவு அனுப்பும் முறை, கேஷின் நிலை, மின்சிக்கன அளவு, கடவுச்சொல் பூட்டு இருந்தால் அதுவும்: எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும். கணினி தயாரிப்பாளர் தன் பங்குக்குச் சொல்ல விரும்பும் கட்டளைகள் ஏசிபிஐ என்ற மின்நிலைத் தரநிலையின் அட்டவணையில் இருக்கும்; அவற்றையும் அனுப்ப வேண்டும். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்றும் சேர்ந்து வெளியிட்ட அந்தத் தரநிலைதான், மின்நிலை முடிவுகளைக் கணினியின் தொடக்க மென்பொருளான பயாஸிடமிருந்து இயங்குதளத்தின் கைக்கு மாற்றியது. டிரைவர்களின் பொறுப்பு இவ்வளவு பெருகியதற்கு அதுவே தொடக்கம்.

தட்டுகள் பல இருக்கும் இடத்தில் எழுப்புவது இன்னொரு சிக்கலாகிறது. சும்மா சுழல 5 வாட் கேட்கும் தட்டு, கிளம்பும்போது 12 வோல்ட் இணைப்பில் 2 ஆம்பியர் அளவில் இழுக்கும்; அந்த ஒரு இணைப்பிலேயே 24 வாட். 24 தட்டுகள் அடுக்கிய பெட்டியில் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் 576 வாட், மின்வழங்கி திணறும். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பும் முறை வந்தது. மின்சாரம் வந்தாலும் கட்டளை வரும்வரை சுழலாதே என்று தட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அப்படிச் சொல்லி வைத்த தட்டை, அந்த வழக்கம் அறியாத கணினியில் மாட்டினால், தட்டு பழுது என்றே அது முடிவு செய்யும்.

விண்டோஸில், நிறுத்தும்போதும் எழுப்பும்போதும் காக்க வேண்டிய வரிசை டிரைவர் அடுக்கின் அமைப்பிலேயே பதிந்திருக்கிறது. மேலே வன்தட்டு வகுப்பு டிரைவர், அதன் கீழே போர்ட் டிரைவர், அதற்கும் கீழே பஸ் டிரைவர். கருவியின் முழு விழிப்பு நிலைக்கு டி0 என்று பெயர். மின்சாரம் எடுக்கப்பட்ட நிலைக்கு டி3. அணையச் சொல்லும் செய்தி மேலிருந்து கீழே இறங்குகிறது. மேலே உள்ள வகுப்பு டிரைவர் கேஷை எழுதி முடிக்கச் செய்து, தட்டை நிறுத்தி, அதன்பிறகே செய்தியைக் கீழே விடுகிறது. கடைசியில்தான் பஸ் மின்சாரத்தை விடுகிறது. எழும் செய்தியோ கீழேதான் முதலில் வேலை செய்கிறது. பஸ் விழித்து, போர்ட் விழித்து, அதன்பிறகே வகுப்பு டிரைவர் தட்டைச் சுழலச் சொல்கிறது. இடையில் வரிசையைப் பூட்டி, சாதாரணக் கோரிக்கைகள் உள்ளே நுழையாமல், மின்நிலைக் கட்டளைகள் மட்டும் கடந்துபோக வழி வைத்திருக்கிறார்கள். எளிய விதி, ஆனால் இதை மீறினால் விழிக்காத பஸ் வழியாகத் தட்டுக்குக் கட்டளை அனுப்பும் அபத்தம் நேரும்.

இனி, தள்ளி வைத்த தேய்மானக் கணக்கு. ஹெட்டை ஒதுக்குவதும் இறக்குவதும் எல்லையற்ற முறை செய்யத்தக்கதல்ல. பல தட்டுகளுக்குத் தயாரிப்பாளர் கூறும் அளவு 3,00,000 முறை, சிலவற்றுக்கு 6,00,000. கேட்கப் பெரிய எண். 2007 அளவில் உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீட்டைப் பயன்படுத்திய மடிக்கணினிக்காரர்கள் சிலர் தங்கள் தட்டின் 193ஆம் எண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். அது நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டிருந்தது. தட்டு தன் சொந்தக் கடிகாரப்படி சில விநாடி ஓய்வு கிடைத்தவுடன் ஹெட்டை ஒதுக்கியது. இயங்குதளம் தன் வழக்கப்படி சில விநாடிக்கு ஒருமுறை எதையோ எழுதியது. ஒதுக்கு, இறக்கு, ஒதுக்கு, இறக்கு. 30 விநாடிக்கு ஒருமுறை என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 2,880 முறை. 3,00,000 என்ற எல்லை 104 நாளில் முடிந்துவிடும். சில ஆண்டுகளுக்குப் பின் மேசைக் கணினித் தட்டுகளிலும் இதே கதை நடந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் கிரீன் வகைத் தட்டுகள் 8 விநாடி ஓய்விலேயே ஹெட்டை ஒதுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தன.

இதில் யார் குற்றவாளி? தட்டு தன் அளவில் சரியாகவே செய்தது. இயங்குதளமும் தன் அளவில் சரியாகவே செய்தது. இரண்டு கடிகாரங்கள், ஒன்றையொன்று அறியாமல், ஒரே ஹெட்டை ஆட்டின. மின்சாரம் மிச்சமாகவில்லை; ஆயுள்தான் குறைந்தது.

இயங்குதளம் அப்படி எதைத்தான் எழுதிக்கொண்டிருந்தது? லினக்ஸில் எழுத வேண்டியவற்றைத் தேடும் பின்னணி வேலை இயல்பாக 5 விநாடிக்கு ஒருமுறை எழுகிறது. ஈஎக்ஸ்டி3 கோப்பு முறைமை தன் குறிப்பேட்டை 5 விநாடிக்கு ஒருமுறை பதிக்கிறது. அதைவிட வியப்பு: ஒரு கோப்பைப் படித்தாலே, எப்போது படிக்கப்பட்டது என்ற நேரத்தை எழுதுவதற்காகத் தட்டு தொடப்பட்டது. படிப்பதெல்லாம் எழுதுவதாகிவிட்ட நிலை. 2009இல் வெளிவந்த 2.6.30 கெர்னலில்தான் அந்தப் பழக்கம் இயல்பு அமைப்பிலிருந்து தளர்த்தப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 2004இல், லேப்டாப் மோட் என்ற ஏற்பாடு கெர்னலில் சேர்ந்திருந்தது. அதன் தந்திரம் எளிது, ஆனால் ஆழமானது. எழுத வேண்டியவற்றை வெகுநேரம் நினைவகத்திலேயே சேர்த்து வைப்பது. ஏதோ ஒன்றைப் படிப்பதற்காகத் தட்டு எப்படியும் சுழல நேர்ந்தால், அந்த வாய்ப்பிலேயே சேர்த்து வைத்ததையெல்லாம் எழுதிவிடுவது. தட்டைத் தனியாக எழுப்ப வேண்டியதில்லை. விலை என்ன? இடையில் கணினி நின்றுபோனால் அந்த நிமிடங்களின் வேலை போகும். பேட்டரியில் ஓடும்போது மட்டும் இதைப் பயன்படுத்தச் சொன்னதற்குக் காரணம் அதுவே.

தட்டின் உடல்நலத்தைக் கண்காணிக்க வந்த நிரல்களும் இதே பொறியில் விழுந்ததுண்டு. நலமா என்று கேட்கப் போய், உறங்கியவரை எழுப்பிவிட்ட கதை. எனவே ஸ்மார்ட்டி என்ற கண்காணிப்பு நிரலுக்கு, முதலில் தட்டின் நிலையை மட்டும் கேட்டுப் பார், நின்றிருந்தால் தொந்தரவு செய்யாதே என்று சொல்லும் வசதி வைக்கப்பட்டிருக்கிறது. ஏடிஏவின் செக் பவர் மோட் கட்டளை தட்டை எழுப்பாமலே நிலையைச் சொல்லும். கேட்பதற்கும் எழுப்புவதற்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை டிரைவர் எழுதுவோர் ஒருபோதும் மறக்கலாகாது.

யார் நிறுத்துவது என்ற கேள்வி ஸ்கஸி உலகில் மேலும் கூர்மையாகிறது. அங்கே ஒரு தட்டு ஒரே கணினிக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. சேமிப்பு வலையமைப்பில் பல கணினிகள் ஒரே தட்டைப் பகிர்ந்துகொள்ளும். அவற்றில் ஒன்று அணையும்போது, 'என் வேலை முடிந்தது' என்று தட்டை நிறுத்திவிட்டால் மற்றவற்றின் கதி என்ன? இதனால்தான் லினக்ஸின் எஸ்டி டிரைவர், தட்டை நிறுத்தும் அதிகாரத்தை இயல்பாகத் தன் கையில் எடுத்துக்கொள்வதில்லை. எழுதி முடிக்கச் சொல்லும், நிற்கச் சொல்லாது. தட்டு இந்தக் கணினிக்கு மட்டுமே உரியது என்று அறிந்த லிப்ஏட்டா போன்ற கீழடுக்கு, அந்த அதிகாரத்தை வெளிப்படையாக இயக்கி வைத்தால் மட்டுமே நிறுத்தும். பிழையில்லாத முடிவு. உரிமை தெளிவாக இல்லாத இடத்தில், தொடாமல் விடுவதே சரி. யுஎஸ்பி பெட்டிகளில் நிலைமை வேறு: இடையில் இருக்கும் மாற்றிச் சில்லு கட்டளைகளை எல்லாம் தட்டுக்குக் கடத்தும் என்று உறுதியில்லை, டிரைவர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் கடைசி அடி அந்தச் சில்லின் கையில்.

நிறுத்தும் பொறுப்பை எஸ்டியிடம் ஒப்படைத்து 2.6.22 கெர்னலில் எடுத்த முடிவு பதினாறு ஆண்டுகள் நின்றது. ஆனால் அதில் ஒரு விரிசல் இருந்தது. உறக்கத்திலிருந்து எழும்போது தட்டு வேகம் பிடிக்கும்வரை கணினி முழுவதும் காத்துக்கிடந்தது பயனர்களுக்கு எரிச்சல் தந்தது. 2014இல் வந்த 3.15 கெர்னல் அதைத் தீர்த்தது: தட்டு பின்னணியில் எழட்டும், திரையும் விசைப்பலகையும் உடனே உயிர்பெறட்டும். விழித்தெழும் நேரம் பெருமளவு குறைந்தது. ஆனால் பின்னணி என்றாலே வரிசை தளரும். தட்டு மாட்டப்பட்டிருக்கும் போர்ட்டை மீட்டுக்கொண்டிருப்பது லிப்ஏட்டா. தட்டைச் சுழலச் சொல்வது எஸ்டி. போர்ட் தயாராகும் முன்பே சுழலச் சொல்லும் கட்டளை வந்தால் பயனில்லை. தாமதமாக வந்தாலோ, அதற்குள் லிப்ஏட்டா சுழலாத தட்டிடம் 'நீ யார்' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, நேரம் கடந்து, தட்டு இல்லை என்று முடிவு செய்யக்கூடும்.

2023இல் டேமியன் லெ மோல் என்ற கெர்னல் வல்லுநர் அதிகாரத்தைப் பிரித்து இதைச் சீர்செய்தார். அதுவரை 'தட்டை நிறுத்தி எழுப்பு' என்று ஒரே பொத்தானாக இருந்தது மூன்றாயிற்று. கணினி முழுவதும் உறங்குவது ஒன்று. கணினி விழித்திருக்க, தட்டு மட்டும் ஓய்வெடுப்பது ஒன்று. கணினி அணைவது ஒன்று. முதல் வகையை லிப்ஏட்டா தன்னிடமே வைத்துக்கொண்டது; போர்ட்டை மீட்பதும் தட்டைச் சுழலவைப்பதும் ஒரே கையில், ஒரே வரிசையில் நடக்கின்றன. மற்ற இரண்டும் எஸ்டியிடம் இருக்கின்றன. தட்டுக்கும் போர்ட்டுக்கும் இடையே, யார் முதலில் உறங்குவது, யார் முதலில் எழுவது என்ற உறவும் கெர்னலுக்குள் முறையாகப் பதிவு செய்யப்பட்டது: உறங்கும்போது தட்டு முதலில், போர்ட் பிறகு, எழும்போது போர்ட் முதலில், தட்டு பிறகு.